படத்தில் அடிப்பவன்

மீசைக்காகத்தான் என்னைப் பிடித்தார்கள்.
சாட்ஸ்வொர்த் பேருந்து நிலையத்தில்
தேநீர் ஆறட்டும் என்று நின்றவனிடம் வந்து
"பள்ளிகளுக்கு ஒரு படம் எடுக்கிறோம் அங்கிள்,
இருபத்திரண்டு நிமிடம்,
வீட்டுக்குள் நடப்பதைப் பற்றி.
நீங்கள்தான் அப்பா" என்றாள் திருஷா.
சம்பளம் இல்லை. மதியம் பிரியாணி உண்டு.

எங்களுக்குப் பிள்ளையில்லை.
ஒரு நாளாவது அப்பாவாக இருந்து பார்ப்போமே என்று
தலையாட்டிவிட்டேன்.
எப்படிப்பட்ட அப்பா என்று கேட்கவில்லை.

பெல்ட்டைச் சரேலென்று உருவினேன்.
"வேண்டாம். மெதுவாக,
ஒவ்வொரு வளையமாக வெளியே வரட்டும்.
அடி விழும்போது அல்ல அங்கிள்,
கொக்கி அவிழும் சத்தத்திலேயே
வயிறு கலங்கிவிடும்."
உனக்கெப்படித் தெரியும் என்று வாயெடுத்தேன்.
அவள் விளக்கை நகர்த்தப் போய்விட்டாள்,
நகர்த்தத் தேவையே இல்லாத விளக்கை.

அடி வாங்கியது ஒரு பழைய மெத்தை.
மகனாக நடித்த யுகேன்
கேமராவுக்கு இந்தப் பக்கம்
சமோசாவைக் கையில் வைத்துக்கொண்டு அலறினான்.
எல்லோரும் சிரித்தோம்.
ஏழு முறை சரிவரவில்லை.
எட்டாவது முறை என் கை நடுங்கியது.
அதையே வைத்துக்கொண்டாள்.

பிப்ரவரியில் பள்ளி பள்ளியாகப் போனது படம்.
நான் வழக்கம்போல் ஐந்தே முக்காலுக்கு வண்டியெடுத்தேன்.
"அங்கிள், பெல்ட்டைக் காட்டுங்கள்" என்று
பையன்கள் கத்திக்கொண்டு ஏறினார்கள்.
முன்னிருக்கையில் உட்காரும் இரண்டு பெண்கள்
பின்னால் போய்விட்டார்கள்.
துணி ஆலைக்குப் போகிற ஒருத்தி,
பெயர் தெரியாது, பதினோரு வருடமாக என் வண்டிதான்,
காசைக் கொடுத்தபடி சொன்னாள்:
"எங்க வீட்டுக்காரரும் நல்லா நடிப்பார்,
வெளியில."
மீதிச் சில்லறையை வாங்காமல் நகர்ந்தாள்.

மான்ட்ஃபர்டு நிறுத்தத்தில் ஒரு பையன்.
கதவு திறந்தது, என்னைப் பார்த்தான்,
வைத்த காலை எடுத்துக்கொண்டான்.
அடுத்த வண்டி நாற்பது நிமிடம் கழித்து.
ஒன்பது நாள் அவன் பள்ளிக்குத் தாமதமாகவே போனான்
என்னால்.

பத்தாம் நாள் மழை. ஏறினான்.
"கடைசியில் உங்கள் கை நடுங்கியதே,
அது நடிப்பா?"
ஆங்கிலத்தில்தான் கேட்டான்.
ஆமாம் என்றிருக்கலாம். இல்லை என்றும் இருக்கலாம்.
தெரியவில்லை என்றேன்.
"எங்கள் வீட்டில் நடுங்குவதில்லை."
நாணயங்களை எண்ணி வைத்தான்.
இருபது சென்ட் குறைந்தது.
பின்னால் லாரிக்காரன் ஹார்னை அழுத்தினான்.
நான் கியரைப் போட்டேன்.
வேறென்ன செய்யத் தெரியும் எனக்கு.

படம் முடிந்ததும் ஒரு தொலைபேசி எண் வரும்.
பத்து இலக்கம், நான்கு நொடி.
யார் பேனாவோடு படம் பார்க்கிறார்கள்?
அதுவும் பக்கத்து நாற்காலிக்காரன்
கவனிக்காதபடி?
திருஷாவிடம் சொன்னேன்.
இனி மாற்ற முடியாது, பணம் தீர்ந்துவிட்டது என்றாள்.

ஒரு தாளில் அந்த எண்ணை
முப்பது தடவை எழுதினேன்,
என் கையெழுத்து அழகில்லை, புரியும்.
தாளின் அடியைச் சீப்புப்போல் கத்தரித்து
பின்கதவுக் கம்பியில் ஒட்டினேன்,
இறங்குகிற கைக்கு எட்டும் உயரத்தில்.
பரிசோதகர் குனிந்து பார்த்தார்.
"என்னய்யா, வீடு வாடகைக்கா?"
ஆமாம் என்றேன்.

நான் இப்போது பெல்ட் போடுவதில்லை.
கால்சட்டைக்கு எலாஸ்டிக் தைத்துக் கொடுத்தாள் மனைவி,
ஏனென்று கேட்காமல்.

இரவு வண்டியைக் கழுவுமுன் எண்ணுகிறேன்.
நேற்று இரண்டு இல்லை.
இன்று ஐந்து.
பிரேக் போட்டு நின்றதும் சில நேரம்
கிழிகிற சத்தம் கேட்கும், மிகச் சின்னதாக.
அப்போது மட்டும்
தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியை நான் பார்ப்பதில்லை.
ஓட்டுநர் செய்யக் கூடாத காரியம் அது.
சாலையையே பார்த்துக்கொண்டு
கதவை இன்னும் கொஞ்சம் திறந்து வைத்திருக்கிறேன்.